நீளமும் பாரும் ஒன்றுதான், பிறகு ஏன் பத்து ஸ்ட்ரோக் கூடுகிறது?

கேள்வி இது. வழக்கமாக ஆடும் கோல்ஃப் மைதானத்தில் 85 ஸ்ட்ரோக்கை (அடியை) ஒட்டி முடிக்கிறவர், ஏறக்குறைய அதே நீளமும் அதே பார் 72-உம் (பார் என்பது ஒரு ஹோலுக்கோ மைதானத்துக்கோ எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை) உள்ள வேறொரு மைதானத்தில் 95-க்குக் கீழே வரவே முடியவில்லை என்கிறார். அங்கே முதல் ஆறு ஹோல்களும் ஒரே திசையில் போகின்றன. அப்புறம் அடுத்தடுத்து இரண்டு பார் 3. அதைத் தாண்டி, பந்தை அடிக்கும் கிளப்களில் மிக நீளமான டிரைவரைக் கையில் எடுத்தால் பந்து எங்கேயோ போகிறது, நடுத்தர தூரத்துக்கான அயர்ன்களில் கிளப் தேர்வும் தப்புகிறது. “ஹோல்கள் அமைந்திருக்கும் வரிசை என் ரிதத்தைக் கெடுக்கிறதா, இல்லை நான் சாக்கு தேடுகிறேனா?” என்று கேட்டிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மைதானத்தின் ரூட்டிங் நீங்கள் எடுக்க வேண்டிய கிளப்பை மாற்றுமா என்பது ஒன்று. அது உங்கள் ஸ்விங்கின் தாளத்தை மாற்றுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தயங்காமல் ‘ஆமாம்’ என்பேன். இரண்டாவதற்கு ‘ஓரளவு, ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் அல்ல’ என்பதுதான் என் பதில். பதினொரு வருடம் ஆட்டக்காரர்களின் கிளப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தேன், அதன் பிறகு பதினைந்து வருடமாக ஆட்டம் கற்றுத் தருகிறேன். உங்கள் ஸ்விங்கை நான் பார்த்ததில்லை என்பதால், அதில் உள்ள கோளாறைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை.

ரூட்டிங் என்பது, கிடைத்த நிலத்தில் 18 ஹோல்களை எந்த வரிசையில், எந்தத் திசை பார்த்து, எந்த மேடுபள்ளத்தின் மேல் போடுவது என்ற தீர்மானம். ஸ்கோர் கார்டில் நீளம் இருக்கும், பார் இருக்கும், திசை இருக்காது. உங்கள் பத்து ஸ்ட்ரோக்கில் பாதிக்கு மேல் அந்த இல்லாத தகவலில்தான் ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: எதிர்காற்றின் வேகம் மணிக்கு ஒவ்வொரு மைலுக்கும் தூரத்தில் ஒரு சதவீதம் கூட்டு; பின்காற்றுக்கு அதில் பாதி மட்டும் கழி. இது மனக்கணக்குத்தான், துல்லியமான சூத்திரம் அல்ல. உயரமாகப் பந்தை அடிப்பவருக்கு எதிர்காற்றில் இதைவிட அதிகமாகவே பிடுங்கிக்கொள்ளும். இருந்தாலும் அளவு புரியும். கொடி 150 யார்டில், காற்று 15 மைல் வேகம் என்றால், எதிரில் அது 172 யார்டு மாதிரி ஆடும், பின்னால் வீசினால் 139 மாதிரி ஆடும். வித்தியாசம் 33 யார்டு, அதாவது ஏறக்குறைய மூன்று கிளப். கார்டில் இரண்டும் 150 தான்.

இப்போது முதல் ஆறு ஹோல்களும் ஒரே திசையில் போகிற மைதானத்தை நினைத்துப் பாருங்கள். பின்காற்றோடு போகிறீர்கள் என்றால் ஒன்றரை மணி நேரம் உங்கள் கையில் 9 அயர்னும் வெட்ஜுமே வந்துகொண்டிருக்கும் (எண் கூடக் கூட அயர்ன் அடிக்கும் தூரம் குறையும்; வெட்ஜ் அதைவிடவும் குறைவு). ‘150 என்றால் 9 அயர்ன்’ என்று உங்கள் தலை தானாகவே ஒரு புதுக் கணக்கை எழுதிக்கொள்ளும். திரும்பியதும் அதே 150-க்கு 6 அயர்ன் வேண்டும் என்று காற்று சொல்கிறது, கை மறுக்கிறது. சமாதானமாக 8 அயர்னை எடுத்து, கொஞ்சம் பலமாக அடித்துவிடலாம் என்று போவோம். இங்கேதான் நாசம். பலமாக அடித்தால் பந்துக்குப் பின்சுழற்சி கூடும், எதிர்காற்றில் அது மேலே மேலே ஏறி அப்படியே கீழே விழும். கேடியாக இருந்த காலத்தில் திருப்பத்துக்குப் பிறகு வரும் முதல் இரண்டு ஹோல்களில் குழி இருக்கும் புல்தரையான கிரீனுக்கு முன்னாலேயே பந்து விழுவதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. பந்து விழுந்ததும் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: “ரிதம் போயிடுச்சு.” ரிதம் போகவில்லை, கிளப்தான் இரண்டு குறைவு. அடுத்த ஷாட்டில் அந்த இரண்டு கிளப்பையும் தோளால் ஈடுகட்டப் பார்க்கும்போது ரிதமும் போய்விடும். முதலில் தப்பியது கணக்கு, ஸ்விங் கெட்டது அதற்குப் பிறகு. என் அனுபவத்தில் பெரும்பாலான நேரம் வரிசை இப்படித்தான்.

பழைய ஸ்காட்லாந்து கடற்கரை மைதானங்களில் பல இந்தப் ‘போய்த் திரும்பும்’ வகை. ஓப்பன் சாம்பியன்ஷிப் நடக்கிற ராயல் ட்ரூனில் முதல் ஆறு ஹோல்கள் கடலோரமாகவே நீள்கின்றன, வழக்கமான காற்று முதுகில் இருக்கும். நடுவில் மணல் மேடுகளுக்குள் திசை மாறி மாறி ஒரு சுற்று; 123 யார்டுதான் நீளமுள்ள 8-ஆவது ஹோல், ‘போஸ்டேஜ் ஸ்டாம்ப்’ என்று பெயர் பெற்றது, அங்கேதான் இருக்கிறது. 13-இல் தொடங்கி கடைசி ஹோல் வரை முகத்தில் காற்று. போகும்போது சேர்த்துவைத்ததை வரும்போது இழக்காமல் இருப்பதுதான் அங்கே ஆட்டம். இதற்கு நேர் எதிர் மியூர்ஃபீல்ட். 1920-களில் வடிவமைப்பாளர் ஹாரி கோல்ட் கைவைத்த பிறகு அங்கே முதல் ஒன்பது ஹோல்கள் வெளிவட்டமாகக் கடிகாரச் சுற்றிலும், பின் ஒன்பது அதற்கு உள்ளே எதிர்ச்சுற்றிலும் போகின்றன. சில ஹோல்களுக்கு ஒருமுறை காற்று வேறு பக்கம் வந்துவிடும்.

இவற்றில் எது கஷ்டம் என்று கேட்டால் என் விருப்பம் கொஞ்சம் விசித்திரமானது. போய்த் திரும்பும் மைதானம் காற்றை அளந்துகொள்ள அவகாசம் கொடுக்கிறது. இரண்டு ஹோல் ஆடினால் அன்றைய காற்று எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துவிடும், அடுத்த நான்கு ஹோல்களுக்கு அதே கணக்கு ஓடும். வட்ட மைதானத்தில் அந்த வசதி இல்லை, ஒவ்வொரு டீயிலும், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்திலும், புதிதாகக் கணக்குப் போட வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தாலேயே வட்ட மைதானத்தில் ஆள் விழிப்பாக இருக்கிறான். நீண்ட நேரம் ஒரே திசையில் போகிறபோதுதான் தூங்கிவிடுகிறோம். உங்கள் வழக்கமான மைதானம் ஒன்பது ஒன்பதாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிற வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். சரிதானா என்று மைதானத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள்.

படத்தில் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நிலத்தின் விளிம்பை ஒட்டிக் கடிகாரச் சுற்றில் ஹோல்கள் போனால் எல்லைக் கோடு எப்போதும் இடப்பக்கம் இருக்கும். எதிர்ச்சுற்றில் போனால் வலப்பக்கம். வலக்கை ஆட்டக்காரர்களில் பலருக்கும் பந்து வலப்பக்கமாக வளைந்து ஸ்லைஸ் ஆகும். ஆகவே எதிர்ச்சுற்று மைதானம் அவர்களுக்கு டீக்கு டீ மிரட்டலாக இருக்கும், நீளமும் பாரும் ஒன்றாகவே இருந்தாலும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் போகும் வழியும் திரும்பும் வழியும் பல இடங்களில் ஒரே புல்வெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. தாராளமான இடம் இடப்பக்கம் இருக்க, புதரும் எல்லையும் வலப்பக்கம் வருகின்றன. தெரிந்தவர்கள் அங்கே சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடித்துவிட்டுப் போவார்கள். உங்களுக்கு ஸ்லைஸ் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டு என்றால், இரண்டாவது மைதானத்தில் டிரைவர் கெட்டுப்போவதற்கு ரிதத்தைவிட இது எளிய விளக்கம்.

மேடுபள்ளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று அடி ஏற்றத்துக்கு ஒரு யார்டு கூட்டு, இறக்கத்துக்கு அதே அளவு கழி என்ற கணக்கு பெரும்பாலும் போதும். ஆனால் குன்றின் சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் மூன்று நான்கு ஹோல்கள் தொடர்ந்து போனால், ஒவ்வொரு ஷாட்டிலும் பந்து பாதத்துக்கு மேலே இருக்கும், அல்லது ஒவ்வொன்றிலும் கீழே இருக்கும். மேலே இருந்தால் வலக்கையருக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். நான்கு ஹோல் அதற்கு ஈடுகட்டி வலப்பக்கம் குறிவைத்துப் பழகியவர் சமதளத்துக்கு வந்ததும் வலப்பக்கமே அடித்துவைப்பார், தனக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் நிற்பார்.

பார் 3 விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நல்ல வடிவமைப்பாளர்கள் பார் 3-களைச் சிதறவிட்டு, நீளத்தையும் திசையையும் மாற்றிப் போடுவார்கள். பையில் உள்ள எல்லாக் கிளப்புக்கும் வேலை வர வேண்டும் என்பது நோக்கம். அமெரிக்காவின் மெரியன் கிழக்கு மைதானத்தில் 2013 யுஎஸ் ஓப்பன் நடந்தபோது 3-ஆவது ஹோல் கார்டில் 256 யார்டு, 13-ஆவது 115 யார்டு. இரண்டுமே பார் 3. ஒன்றுக்கு மரக்கட்டை (‘வுட்’ எனப்படும் நீளமான கிளப்), இன்னொன்றுக்கு வெட்ஜ். அந்த மைதானத்தின் இரண்டே பார் 5-கள் 2-ஆவதும் 4-ஆவதும். அதற்கப்புறம் 14 ஹோல்களுக்குப் பார் 5 என்ற பேச்சே இல்லை. நடுவில் 7-இலிருந்து 13 வரை பெரும்பாலும் குட்டை ஹோல்கள், 14-இலிருந்து மூச்சு முட்டும் நீளம். அந்த நடுப்பகுதியில் டிரைவரைப் பையிலேயே வைத்துவிட்டுக் கவனமாக ஆடுகிறவர், 14-ஆவது டீயில் அதை எடுக்கும்போது அது புதுக் கிளப் மாதிரி கனக்கும்.

அடுத்தடுத்து இரண்டு பார் 3 என்பது தவறான வடிவமைப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1928-இல் கலிஃபோர்னியாவில் திறந்த சைப்ரஸ் பாயிண்டில் வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி 15, 16 இரண்டையும் பார் 3 ஆகவே போட்டார், 5-உம் 6-உம் அடுத்தடுத்துப் பார் 5. 15-ஆவது சின்னது, 16-ஆவது கடலைத் தாண்டி 200 யார்டுக்கு மேல் அடிக்க வேண்டியது. நிலம் அப்படி அமைந்திருந்தது, அவர் நிலத்தின் பேச்சைக் கேட்டார். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆட்டக்காரரின் உடலுக்கு அதில் ஒரு விளைவு உண்டு. ஒரு பார் 5, பிறகு இரண்டு பார் 3 என்று போனால், நடுவில் காத்திருப்பும் சேர்ந்தால், டிரைவரைத் தொட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கையில் கடைசியாக இருந்தது குட்டையான, செங்குத்தாக இறங்குகிற அயர்ன். டிரைவரோ நீளமானது, தட்டையாகச் சுற்றிவர வேண்டியது, பந்து டீயின் மேல் நிற்பது. அயர்னின் அசைவோடு டிரைவரைச் சுழற்றினால் பந்து மேலே கிளம்பும், அல்லது வலப்பக்கம் வளையும். இது நான் நூற்றுக்கணக்கான முறை பார்த்தது. ஆனாலும் ‘நிச்சயம்’ என்ற பட்டியலில் இதைச் சேர்க்க மாட்டேன், ஏனென்றால் ஒன்றும் ஆகாமல் நேராக அடித்துவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் என் நினைவில் அவ்வளவாகத் தங்கவில்லை, அவ்வளவுதான்.

காத்திருப்பு எங்கே வரும் என்பது மட்டும் கிட்டத்தட்ட நிச்சயம். பார் 5-இல் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் இருக்கலாம், பார் 4-இல் இரண்டு, பார் 3-இல் ஒன்றுதான். முன்னால் உள்ளவர்கள் கிரீனை விட்டு நகரும்வரை பார் 3-இன் டீயில் யாரும் அடிக்க முடியாது. ஆகவே பார் 5-ஐத் தொடர்ந்து பார் 3 வந்தால் வரிசை அங்கே தேங்கும். அடுத்தும் பார் 3 என்றால் இன்னும் கொஞ்சம் தேங்கும். முதல் ஹோலையே பார் 3 ஆக வைக்கப் பலரும் தயங்குவதற்குக் காரணம் இதுதான். இங்கிலாந்தின் ராயல் லித்தம் மைதானம் அப்படித் தொடங்குவது அபூர்வமான விதிவிலக்கு. ஒரு ஷாட்டுக்குத் தடங்கல் இல்லாதபோது 40 வினாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று விதி 5.6 பரிந்துரைக்கிறது. ஆனால் டீயில் பத்து நிமிடம் நின்றவருக்கு அந்த 40 வினாடி எங்கே தொடங்குகிறது என்பதே மறந்துபோகும்.

நடக்கும் தூரமும் சேர்த்தி. 1744-இல் ஸ்காட்லாந்தின் லீத்தில் எழுதப்பட்ட முதல் விதிகளில் முதலாவதே, குழியிலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள் அடுத்த டீயை வைக்க வேண்டும் என்பதுதான். பந்தை எடு, பக்கத்தில் வை, அடி. இன்று வீட்டுமனைகளுக்கு நடுவில் வளைந்து போகும் மைதானங்களில் ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு வண்டியில் ஐந்து நிமிடம் போக வேண்டியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்விங் கெடுகிறதா? என்னிடம் ஆதாரம் இல்லை. குழியருகே கடைசியாகத் தவறவிட்ட ‘பட்’ அடியை அசைபோட ஐந்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது என்பது மட்டும் தெரியும்.

ரிதம் என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹோலின் கடினமும், அது வரிசையில் எந்த இடத்தில் வருகிறது என்பதும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை மாற்றாமல் மற்றதை மட்டும் மாற்றிப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பது அரிது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிற அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலில் அப்படி ஒன்று நடந்தது. 1934-இல் முதல் மாஸ்டர்ஸ் ஆடப்பட்டபோது இப்போதைய பின் ஒன்பதுதான் முன் ஒன்பது. நிழலான தாழ்ந்த பகுதியில் காலைப் பனி உருகத் தாமதமானதால் 1935-இல் இரண்டையும் இடம் மாற்றினார்கள். ஹோல்கள் அதே ஹோல்கள். அந்த 1935-இல்தான் கடைசிச் சுற்றில் ஜீன் சாரசென் பார் 5 ஆன 15-ஆவது ஹோலில் 235 யார்டிலிருந்து இரண்டாவது அடியாக 4 மரக்கட்டையால் அடித்த பந்து நேராகக் குழிக்குள் போனது. முன்னணியில் முடித்திருந்த கிரெய்க் வுட்டை எட்ட மூன்று ஸ்ட்ரோக் தேவைப்பட்டது, அந்த ஒரே அடியில் மூன்றும் கிடைத்தன. மறுநாள் பிளேஆஃபில் அவரே வென்றார். முந்தைய வருடம் அதே ஹோல் 6-ஆவது. தண்ணீரைத் தாண்டிக் கிரீனுக்கு அடிக்கலாமா, முன்னாலேயே நிறுத்திவிடலாமா என்ற கேள்வி 6-இல் ஒரு மாதிரியும், நான்கு ஹோல் மிச்சமிருக்கும்போது இன்னொரு மாதிரியும் கேட்கும். வரிசை கிளப் தேர்வை மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் கவனியுங்கள், இங்கே மாறியது தாளம் அல்ல, கணக்கும் தேவையும்.

மறைவும் வெளியும் மாறி மாறி வரும் மைதானங்களில் இதே விஷயம் வேறு வேஷத்தில் வரும். கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 4-இலிருந்து 10 வரை கடலோரம், பிறகு உள்ளே மரங்களுக்கு நடுவே, 17-இல் மறுபடி கடல். 7-ஆவது ஹோல் ஏறக்குறைய 107 யார்டு, காற்றில்லாத நாளில் வெட்ஜ். 17-ஆவதில் 1972 யுஎஸ் ஓப்பனின் கடைசி நாளில் ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் காற்றுக்கு எதிராக 1 அயர்னை எடுத்தார், பந்து கொடிக்கம்பில் பட்டு நின்றது. உள்ளே ஆறு ஹோல் மரநிழலில் ஆடிவிட்டு வருகிறவர் 17-ஆவது டீயில் காற்றை மறந்திருப்பார். நிக்லாஸ் மறக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அடுத்த முறை அங்கே போகும்போது மைதானத்தின் படத்தில் அன்றைய காற்றை ஓர் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள். 18 ஹோல் என்று எண்ணாமல், ஒரே திசையில் போகும் ஹோல்களை ஒரு கட்டாகப் பிரியுங்கள், திருப்பம் வரும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் அயர்ன் ஷாட்டில் கை எதைக் கேட்டாலும் அதைவிட ஒரு கிளப் பெரிதாக எடுத்து, முக்கால் ஸ்விங் அடியுங்கள். பையில் 14 கிளப்தான் அனுமதி என்பதால், எதிர்காற்றில் நீளமான பார் 4-கள் அதிகமென்றால் நான்காவது வெட்ஜை வீட்டில் வைத்துவிட்டு நீளமான அயர்னுக்குப் பதிலாக வரும் ஒரு ஹைப்ரிட் கிளப்பைச் சேர்ப்பது உத்தமம்.

இரண்டாவது பார் 3-இன் டீயில் காத்திருக்கும் நேரத்தில் டிரைவரை வெளியே எடுத்து, பந்தில்லாமல் மெதுவாக நான்கைந்து முறை சுழற்றுங்கள், பிறகு அயர்னுக்கு வாருங்கள். விதி 5.5-இன்படி இரண்டு ஹோல்களுக்கு நடுவே, ஆடி முடித்த கிரீனிலோ அடுத்த டீயிலோ ஆட்டத்தைத் தாமதப்படுத்தாமல் பட்டிங்கும் சிப்பிங்கும் பழகிக்கொள்ளலாம், போட்டிக் குழு தனி விதி போட்டுத் தடுத்திருந்தால் ஒழிய. பந்தில்லாத ஸ்விங்குக்கு எங்கேயும் தடையில்லை.

மூன்று சுற்று இப்படி ஆடிவிட்டு, ஒவ்வொரு மோசமான ஷாட்டுக்கும் பக்கத்தில் இரண்டே விஷயம் குறித்துவையுங்கள்: காற்று எந்தப் பக்கம், பந்து குறையாக விழுந்ததா பக்கவாட்டில் போனதா. பெரும்பாலானவை குறையாக விழுந்திருந்தால் அது கிளப் தேர்வு, ரூட்டிங்கைக் குறை சொல்லலாம். 9-ஆவது டீயில் மட்டும் மூன்று முறையும் வலப்பக்கம் போயிருந்தால் டிரைவரைப் பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாமல் எல்லாத் திசையிலும் சிதறியிருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் ஸ்விங்கை நேரில் பார்க்கக்கூடிய ஒருவரிடம் போங்கள்.